பாயின் பையில் ஒரு படி தினை

அந்த வருஷம் எங்கள் ஊரில் தினை விதைத்தது நான் ஒருத்தன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லக் கூச்சம் வந்துவிடும். மற்றவர்கள் சாமை போட்டார்கள். பாதிப் பேர் மரவள்ளிக்கு மாறிவிட்டார்கள். நான் பிடிவாதக்காரன். ஊரே ஒன்று செய்தால் எனக்கு அதைச் செய்யப் பிடிக்காது. மேட்டுக்காட்டில் தினையை இறைத்தேன். கிளியும் பன்றியும் தின்றது போக நாலைந்து பானை தேறியது. அந்தத் தினைதான் ஒரு நல்ல மனிதரை மெட்ராஸ் விமான நிலையத்தில் நிறுத்தி, போலீஸ் ஜீப்பில் ஏற்றியது. தினை என்று சொல்வதுகூடத் தப்பு. ஏற்றியது நான்.

அவர் அடிவாரத்து ஊர்க்காரர், மிளகு வியாபாரி. மலைமேல் சந்தை கூடும் சோளக்காட்டில் வாரத்துக்கு ஒரு நாள் வந்து இறங்குவார். எங்களுக்கு அவர் பாய், அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. மிளகில் இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். "இன்னும் ரெண்டு வெயில் காயட்டுங் கவுண்டரே, ஈரம் பல்லுல ஒட்டுது" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "உங்க பல்லு சரியில்லீங்க பாய்" என்பேன். அவர் சிரிப்பார். இரண்டு வெயில் காய்ந்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அதற்குச் சில வருஷம் முன்னால், என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து மூன்று நாளாகியும் குழந்தை வரவில்லை. ஆஸ்பத்திரி கீழே இருந்தது. பஸ் போய்விட்டது. பாய் அன்றைக்கு லாரியில் மிளகு ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயம் காதில் விழுந்ததும் ஏற்றிய மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போடச் சொன்னார். லாரியில் மூட்டை இருந்த இடத்தில் கோரைப்பாய் விரித்து அவளைப் படுக்கவைத்து, மலை ரோட்டின் எழுபது வளைவும் இறங்கிப் போனோம். ஐம்பதாவது வளைவோ என்னவோ, லாரியிலேயே என் மகள் பிறந்தாள். அன்று மேலே மழை. ரோட்டோரம் கிடந்த மிளகு மொத்தமும் நனைந்து பூஞ்சணம் பூத்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் என்னிடம் வாய் திறந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்த வருஷம் மாசி மாதத்தில் பாய் தராசு இல்லாமல் மலைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு புதுத் துணிப்பை. எங்கள் ஊரில் அவருக்கு மிளகு போட்டவர்கள் பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே பேச்சைப் பேசினார்.

"ஹஜ்ஜுக்குப் போறேனுங்க. போறதுக்கு முன்னால எல்லார்கிட்டயும் பொறுப்புக் கேட்டுட்டுத்தான் போகோணும். இத்தன வருசத்துல தெரிஞ்சோ தெரியாமயோ நான் உங்களுக்கு ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா மனசால பொறுத்துக்கங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்களில் யாரும் கோயிலுக்குப் போகும்போது ஊரெல்லாம் போய் இப்படிக் கேட்டதில்லை. சாமியிடம் கேட்டால் போதாதா என்று நினைக்கிறவர்கள் நாங்கள். பாய் விளக்கினார். மனுசனுக்குச் செய்த தப்பை மனுசன்தான் பொறுக்கணும், அதை ஆண்டவன்கூடப் பொறுக்கமாட்டான் என்றார். "நீங்க என்னங்க தப்பு செஞ்சீங்க, என் பல்லையா உடைச்சீங்க?" என்று கேலி செய்து அனுப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. "பொறுத்துக்கிட்டேன்னு வாயால சொல்லுங் கவுண்டரே" என்றார். சொன்னேன். அவர் கண் கலங்கியது. அவர் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருவரும் சேர்ந்து போவதாக இருந்தார்களாம். இப்போது அவளுக்கும் சேர்த்து அங்கே நின்று கேட்கப்போவதாகச் சொன்னார்.

அப்போது ரேடியோவில் விமானம் கடத்திய கதை இன்னும் ஓயாத நேரம். மலையில்கூட எல்லார் வாயிலும் அதுதான். "ஏனுங்க பாய், உங்க ஏரோப்ளேனையும் எவனாச்சும் ஓட்டிக்கிட்டுப் போயிரப் போறான்" என்றேன்.

"ஓட்டிட்டுப் போயி மக்கத்துல எறக்கி உட்டாச் சரிதான்" என்று சிரித்தார். "அதுக்குத்தான் இப்ப சோதனைய எறுக்கிட்டாங்களாம். பையெல்லாம் ஒரு மிசினுக்குள்ள போகுமாம். ஊசி இருந்தாக்கூடத் தெரியுமாம். நான் பாக்குவெட்டியக்கூட ஊட்டுலயே வெச்சிட்டேன், நகவெட்டியும் எடுத்து வெச்சிட்டேன். நம்மாலே யாருக்கும் ஒரு வம்பு வேண்டாம்."

பாக்குவெட்டியை எடுத்து வைத்த மனுசன்! இதை நினைக்கும்போது இன்றைக்கும் என் தலையில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தத் துணிப்பை எதற்கு என்று கேட்டேன். மக்காவில் புறாக்கள் ஆயிரக்கணக்கில் இருக்குமாம், போகிறவர்கள் அதற்குத் தானியம் இறைப்பார்களாம். முந்தின வீடுகளில் இதைச் சொன்னதும், "அப்ப எங்க காட்டுச் சாமையும் கொண்டுபோங்க, எங்க பேரால அதுக திங்கட்டும்" என்று ஆளுக்கொரு கை போட்டிருக்கிறார்கள். பை பாதி நிறைந்திருந்தது. எல்லாம் சாமை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மற்றவன் ஒரு கை போட்டால் நான் ஒரு படி போடவேண்டாமா? "இருங்க பாய், தினை தாரேன். சாமைய எந்தப் புறா திங்கும்?" என்று உள்ளே போனேன்.

இங்கே துப்பாக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் மலையில் அந்தக் காலத்தில் நாட்டுத் துப்பாக்கி இல்லாத வீட்டை எண்ணுவதுதான் சுலபம். லைசென்ஸ் என்ற பேச்சே கிடையாது. காட்டுப்பன்றி ஒரு தடவை மரவள்ளிக்குள் இறங்கினால் ஒரு வருஷத்துப் பாட்டையும் மூக்காலேயே உழுது போட்டுவிட்டுப் போய்விடும். துப்பாக்கி அதற்குத்தான். கருமருந்து, ஈயக் குண்டு, தட்டினால் பொறி பறக்கும் கேப், மூன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே துணி சுற்றி, ஒரு கைக்குள் அடங்கும் பொட்டலமாகக் கூரையில் செருகி வைத்திருப்பேன். அதற்கு முந்தின வாரம் புளியஞ்சோலைப் பக்கத்துக் காட்டில் யாரோ மான் அடித்து மாட்டிக்கொண்டார்கள் என்று வனக்காவலர்கள் வீடு வீடாகக் கூரையைக் குத்திப் பார்த்தார்கள். நான் துப்பாக்கியைப் புதரில் ஒளித்துவிட்டு, பொட்டலத்தை எடுத்துத் தினைப்பானைக்குள் அழுத்திவிட்டேன். அழுத்தியதை மறந்தும்விட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பாய் வாசலில் நின்றார். படியைத் தேடினேன், காணோம். பானையையே தூக்கி வந்து பையின் வாயில் சாய்த்தேன். தினை சரசரவென்று விழுந்தது. நடுவில் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. என் காதால் கேட்டேன். ஈரத்தில் கட்டிபிடித்த தினை என்று நினைத்தேன். கையை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தானமாகப் போட்ட தானியத்தில் போட்டவன் மறுபடி கை விடக்கூடாது. விட்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்த கணக்கு, அடுத்த வெள்ளாமை விளங்காது. அதனால் விடவில்லை.

பாயும் விடவில்லை. அவர்களிடம் அமானிதம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள், அதைக் குலைக்காமல் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்க்கவேண்டும். என் வாசலிலேயே கோணி ஊசி வாங்கிப் பையின் வாயைத் தைத்தார். "இத லக்கேஜுல போடமாட்டேன், கையிலயே வெச்சுக்குவேன்" என்றார். என் மகள் தலையில் கைவைத்து, "வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பைக்குள் அடுத்ததாகக் கைவிட்டது ஒரு போலீஸ்காரர்.

பாய் போன நாலாம் நாள் மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கிய தடம் பார்த்தேன். சாயங்காலம் வந்து கூரையில் கைவிட்டேன். பொட்டலம் இல்லை. பானை நினைவு வந்தது. பானையை நடுவீட்டில் கவிழ்த்தேன். அடியில் ஒட்டியிருந்த நாலு மணி தினை விழுந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னத்தத் தேடறீங்க?" என்றாள் மனைவி.

"பாய் பையில போட்டுட்டேன் புள்ள. மருந்தப் பாய் பையில போட்டுட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ சாமி, அவரு எப்பப் போறாரு? ஓடுங்க, போன் பண்ணுங்க!"

காலையில் முதல் ஆளாகச் சோளக்காட்டுப் போன் கடைக்கு ஓடினேன். முதல் ஆள் இல்லை, எனக்கு முன்னால் மூன்று பேர். எனக்குப் பின்னால் வந்து நின்றவர் கூரையைக் குத்திய அதே வனக்காவலர். கதவே இல்லாத கடை. பேசினால் தெருவுக்கே கேட்கும். நம்பரைச் சுற்றினேன். பாயின் மகன் எடுத்தான்.

"அத்தா நேத்தே மெட்ராஸ் போயிட்டாங்களே மாமா. ஹாஜிகளெல்லாம் தங்கற எடத்துல இருக்காங்க. நாளைக்குத்தான் ஏத்தறாங்க. எதாச்சும் அவசரமா? அங்க போன் இருக்கு, சொன்னா நான் சொல்லிர்றேன்."

அந்த ஒரு நொடியைத்தான் நான் இத்தனை வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். "பையப் பிரிச்சுப் பாக்கச் சொல்லு" என்றால் போதும். நாலு வார்த்தை. பின்னால் காக்கிச் சட்டையின் மூச்சு என் கழுத்தில் படுகிறது.

"ஒண்ணுமில்ல சாமி, சும்மா பத்திரமாப் போயிட்டு வரச் சொல்லலாம்னுதான்" என்று போனை வைத்துவிட்டேன். வழி நெடுக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிஷினாவது மண்ணாவது, ஒரு பை தானியத்துக்குள் இருக்கிறது எப்படித் தெரியும் என்று. அட, என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

தெரிந்துவிட்டது. அதற்குத்தானே அந்த மிஷின்! ஈயம் அதில் கறுப்பாகத் தெரியுமாம். பையை யார் கட்டியது, யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே எல்லாரையும் கேட்கிற கேள்விதான். பொய் சொல்லத் தெரியாத மனுசன், "மலையில எங்க சனங்க குடுத்தாங்க, புறாவுக்கு" என்றிருக்கிறார். தைத்த வாயை அறுத்துக் கொட்டினார்கள். சாமையும் தினையும் மேஜை முழுக்கப் பரவி, நடுவில் என் பொட்டலம். ஹஜ் போகிறவர்கள் உடுத்தும் இஹ்ராம் என்ற வெள்ளைத் துணியைக் கட்டி நின்றவரைச் சுற்றிப் போலீஸ். கூட வந்த ஹாஜிகள் ஒதுங்கி நின்றார்களாம். சோதனை போட்டது நம் மாநிலத்துப் போலீஸ் பையன் ஒருவன். "பெரியவரே, இதுக்கு மேல என் கையில எதுவும் இல்லீங்க" என்று சொன்னானாம். மருந்து கிடைத்துவிட்டால் ஆளைப் பார்த்து விடுகிற அதிகாரம் அவனுக்கு இல்லை, எழுதித்தான் ஆகவேண்டும். விமானம் போய்விட்டது.

விஷயம் மலைக்கு வந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது. பேப்பரில் பொட்டலத்தையும் தாடியையும் பற்றி எழுதியிருந்தார்களே தவிர, தினையைப் பற்றி ஒரு வரி இல்லை. டீக்கடையில் ஒருவன், "யாரு மனசுல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றான். அவன் வாயில் ஒன்று போட எனக்குக் கை பரபரத்தது. ஆனால் போடவில்லை. போட்டால் ஏன் போட்டாய் என்று கேட்பார்களே. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை என் கதை.

எங்கள் ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் பதினோரு வீட்டு ஆண்களையும் கூப்பிட்டார். எல்லார் வீட்டிலும் துப்பாக்கி உண்டு, அவர் வீட்டிலும் உண்டு. "யாரு ஊட்டுப் பொட்டலம்னு நான் கேக்கமாட்டேன்" என்றார். "கேட்டாத் தெரிஞ்சு போயிரும். தெரிஞ்சாச் சொல்லோணும். ஒருத்தன் பேரச் சொன்னா நாளைக்கு ஜீப்பு ஏறி வந்து ஒவ்வொரு ஊட்டுலயும் அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க. பாயி நல்ல மனுசன், அவங்களே உட்டுருவாங்க." எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்து இரண்டு போலீஸ்காரர்கள் சோளக்காடு வரை வந்தார்கள். கடையில் விசாரித்தார்கள், வாழைப்பழம் வாங்கினார்கள், போனார்கள். எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பாய்க்கு இரண்டு வாரம் கழித்து ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட்டைக் கோர்ட் வைத்துக்கொண்டது. அதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாமக்கல்லுக்குப் போய் முன்பின் தெரியாத ஒரு வக்கீலைப் பார்த்தேன். என் சிநேகிதர் ஒருத்தருக்கு இப்படி ஆகிவிட்டது, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். தடித்த புத்தகம் இரண்டை எடுத்து வைத்தார். விமானத்துக்குள் எதைக் கொண்டுபோகக் கூடாது என்பது டெல்லியில் போட்ட சட்டம். துப்பாக்கி மருந்து வைத்திருந்தால் அதற்குத் தனிச் சட்டம். வாசலில் நின்று சோதிப்பது இதுவரை மாநிலப் போலீஸ், இனி மத்தியப் படை வரப்போகிறது, அவர்கள் இன்னும் கெடுபிடி என்றார்.

"அப்ப தெரியாமக் கொண்டுபோனவனுக்கு வழியே இல்லீங்களா?"

"இருக்குங்க. தெரிஞ்சு வெச்சிருந்தாரான்னுதான் கேள்வியே. பையில இருந்தா முதல்ல அவருதுன்னுதான் எடுத்துக்குவாங்க. 'பொட்டலம் என்னுது, நான்தான் போட்டேன், அவருக்குத் தெரியாது'ன்னு போட்டவன் வந்து சொல்லிட்டா, கேஸ் நிக்காது. பாஸ்போர்ட்டும் வந்துரும். சொல்லலைன்னா வருசக்கணக்குல இழுக்கும்."

"போட்டவனுக்கு என்ன ஆகுங்க?"

"லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. உள்ள போகோணும்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, அந்தச் சிநேகிதரு இங்கதான் உக்காந்திருக்காருங்களா?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரி, "இல்லீங்க இல்லீங்க, அவரு ஊருக்குப் போயிருக்காரு" என்று எழுந்து வந்துவிட்டேன். ஆக, பாய் மக்காவுக்குப் போவதும் போகாததும் என் வாயில் இருந்தது. இது தெரியாமல் இருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது தெரிந்தும் விட்டது.

தனக்குப் போகத்தான் தானம் என்று எவனோ என்னைப் போன்றவன்தான் சொல்லிவைத்திருப்பான். மகள் சின்னவள், வெள்ளாமை பாதியில் நிற்கிறது, நான் உள்ளே போனால் இவர்கள் கதி என்ன என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். என் மனைவி ஒரே தடவைதான் கேட்டாள். "லாரியில என்ன எறக்கிக் கொண்டுபோன மனுசன் அவரு. நெனப்பு இருக்குதுங்களா?" நான் கத்தினேன். தட்டை எறிந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பாய் மலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மிளகு எடுக்க மகன் வந்தான். வாய்தாவுக்கு வாய்தா அத்தாவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் வருவதாகச் சொல்வான். ஒவ்வொரு வருஷமும் ஹஜ் சமயத்தில் அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார் என்பான். மூன்றாம் வருஷம் அவருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது.

அதே வருஷம், கள்ளத் துப்பாக்கியைக் கொண்டுவந்து போட்டுவிட்டால் கேஸ் கிடையாது, பெயர்கூடக் கேட்கமாட்டோம் என்று ஆட்டோவில் மைக் கட்டி மலை முழுக்கச் சொன்னார்கள். ஊரே விடியற்காலையில் போய்ச் சாலையோரப் புளியமரத்தடியில் போட்டது. நானும் போட்டேன். திரும்பி நடக்கும்போது, பயந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று இருந்தது. மூன்று வருஷம் ஒரு மனுசனை அடகு வைத்து நான் காப்பாற்றிய இரும்பு, மரத்தடியில் மற்ற இரும்புகளோடு கிடந்தது. ஒரு போலீஸ்காரர்கூட அதைக் குனிந்து பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கே பஸ் ஏறிக் கீழே போனேன்.

பாய் கட்டிலில் படுத்திருந்தார். வாய் கொஞ்சம் கோணியிருந்தது. மகனை டீ வாங்கிவர அனுப்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே குழறிக் குழறிச் சொன்னார்.

"தினை நீங்க மட்டுந்தானுங்களே போட்டீங்க."

பொட்டலத்துத் துணியின் மடிப்பெல்லாம் தினை உமி ஒட்டியிருந்ததாம், சாமை ஒன்றுகூட இல்லையாம். மேஜையில் கொட்டியபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "என் பேரச் சொல்லியிருக்கலாமே பாய்? பாவி, நான்தான் ஊமையா இருந்தேன், நீங்க சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களப் புடிச்சுக்குவாங்க. லாரியில பொறந்த புள்ள, அதோட அப்பன் ஜெயிலுக்குப் போறத அது பாக்கோணுமா? மலையெல்லாம் சுத்துனேன், எந்த ஊரு எந்த ஊடுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா அது பொய்யுங் கவுண்டரே. இஹ்ராம் கட்டிக்கிட்டுப் பொய் சொன்னேன். அதுக்குத்தான் ஆண்டவன் என்னக் கூப்புடமாட்டேங்கறானோன்னு இருக்குது."

தப்பு செய்தவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அந்த மனுசன் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார். என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க" என்றார். "இப்பத்தான் துப்பாக்கியும் இல்லையே. கோர்ட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க. பாஸ்போர்ட்டு வந்துட்டா மவன் தோளப் புடிச்சுக்கிட்டாவது போயிருவேன்."

"வர்ற வாய்தாவுக்கு நானே வாரேன் பாய். சத்தியமா வாரேன்" என்று அவர் விழுந்துபோன கையில் அடித்துச் சொன்னேன். அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது.

வாய்தா மாசி மாதத்தில் வந்தது. முந்தின நாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பி, வேட்டி கட்டி, பையும் எடுத்துவிட்டேன். களம் முழுக்க மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் வரவே கூடாத மழை கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. அள்ளுவதற்கு மனைவி ஒருத்தியால் முடியாது. இதை அள்ளிவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று பையை இறக்கிவைத்தேன். அள்ளி முடித்தபோது அன்றைய கடைசி பஸ்ஸும் போயிருந்தது. ஒரு மணி மிளகுகூட நனையவில்லை. அடுத்த வாய்தாவுக்குக் கட்டாயம் போய்விடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாய்தாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பாய் இறந்துவிட்டார். பதினோரு வீட்டிலிருந்தும் ஆண்கள் பஸ் ஏறிப் போனோம். பள்ளிவாசல் முன்னால் பாயைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றோம். தொழுகைக்கு முன்னால் மகன் வந்து கூட்டத்தைப் பார்த்து நின்றான். அவர்கள் வழக்கம் அது. இறந்தவருக்காக வீட்டார் ஊரிடம் கேட்கவேண்டும்.

"எங்க அத்தா உங்க யாருக்காச்சும் தெரிஞ்சோ தெரியாமயோ ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா, மனசால பொறுத்துக்கங்க" என்றான்.

"பொறுத்துக்கிட்டோம்" என்று கூட்டம் சொன்னது. எங்கள் ஊர்க் கவுண்டரும் சொன்னார். மகன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முகத்தில் நின்றான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் அத்தா கடைசிவரை அவனிடம் சொல்லவில்லை. அத்தாவுக்கு வேண்டிய மாமா, இவர் வாயிலிருந்தும் வரவேண்டும் என்று காத்திருந்தான். சுற்றி நின்றவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"பொறுத்துக்கிட்டேன் சாமி" என்றேன்.